பத்து வருஷத்தை எங்கே எழுதுவது?

போன இதழில் மணத்தக்காளி வற்றலைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், "எத்தனை நாள் காய வைப்பது என்று சொல்லாமலே விட்டுவிட்டீர்களே!" என்று சகோதரிகள் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். நாள் கணக்கெல்லாம் வெயிலைப் பொறுத்தது. கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரவேண்டும். அதுதான் கணக்கு. போதுமா? இந்தத் தடவை வற்றல் சமாசாரம் இல்லை. வயிற்றுப்பாட்டுச் சமாசாரம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உறையூரிலிருந்து என் அண்ணன் பெண் வந்திருந்தாள். வழக்கமாக வந்தால் நேரே சமையலறைக்குப் போய், மூடி வைத்திருக்கிற பாத்திரங்களைத் திறந்து பார்ப்பவள், அன்றைக்குக் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"அத்தை, இதைக் கொஞ்சம் பாருங்களேன். இருபத்துமூணு இடத்துக்கு அனுப்பிட்டேன். ஒருத்தராவது வேண்டாம்னு சொன்னாக்கூடத் தேவலை. பதிலே இல்லை."

அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வைத்திருந்த அச்சகத்தை 2024-ல் மூடிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகைதான் அவர்களுக்கு முக்கிய வருமானம். இப்போது நூறு பத்திரிகை அச்சடித்து வீட்டுப் பெரியவர்களுக்கு வைத்துவிட்டு, மற்றவர்களுக்கெல்லாம் வாட்ஸப்பில் தட்டிவிடுகிறார்களே! மிஷினை விற்றுக் கடனை அடைத்தது போக மிஞ்சியது சொற்பம். மாப்பிள்ளை இப்போது ஒரு பேப்பர் கடையில் டெலிவரி பார்க்கிறார். பெரிய பெண் ஒன்பதாவது, சின்னவள் ஐந்தாவது. ஸ்கூல் ஃபீஸ் இரண்டாம் தவணைக்கு அவள் வளையலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவளாகச் சொல்லவில்லை. வலது கையில் ஒன்று குறைந்திருந்தது.

என்னிடம் ஏன் வந்தாள் என்றால், நான் முப்பத்தேழு வருஷம் ஒரு தொழிற்சாலைக் காரியாலயத்தில் குப்பை கொட்டியவள். 1979-ல் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, 2016-ல் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனிலிருந்து ஓய்வு பெற்றேன். வேலைக்கு வருகிற விண்ணப்பமெல்லாம் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். பிரித்து, நம்பர் போட்டு, ரகம் பிரித்து உள்ளே அனுப்ப வேண்டும். எத்தனை ஆயிரம் விண்ணப்பம் பார்த்திருப்பேன்!

ஃபைலைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் பட்டுப் புடவையில் ஒரு போட்டோ. அப்பா பெயர், கணவர் பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, திருமணமானவரா, குழந்தைகள் எத்தனை... ராசி, நட்சத்திரம் இரண்டுதான் பாக்கி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அத்தை, சிரிக்கிறீங்க?"

"உனக்குத்தான் ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதே, ஜாதகத்தை எதற்கு அனுப்பினாய்?"

நம் வீடுகளில் பயோடேட்டா என்றாலே கல்யாணப் பயோடேட்டாதான். அந்தப் பழக்கத்தில் வேலைக்கும் அதையே எழுதிவிடுகிறோம். மதமும் சாதியும் சர்க்கார் விண்ணப்பப் படிவத்தில் கேட்டால் எழுத வேண்டியதுதான், அங்கே இடஒதுக்கீட்டுக்குத் தேவை. தனியார் கம்பெனிக்கு அது எதற்கு? ஆதார் நம்பர், பான் நம்பர், பேங்க் கணக்கு நம்பரெல்லாம் கூடவே கூடாது. அந்தக் காகிதம் யார் யார் கைக்குப் போகும் என்று நமக்கென்ன தெரியும்?

அதற்குக் கீழே 'லட்சியம்' என்று ஒரு பத்தி. 'டு ஒர்க் இன் எ சேலஞ்சிங் என்விரான்மென்ட்' என்று ஆரம்பித்து நாலு வரி. சவாலான சூழ்நிலையில் வேலை செய்ய விருப்பமாம்! "உன் வீட்டில் இல்லாத சவாலையா ஆபீஸில் தேடப்போகிறாய்?" என்றேன். பக்கத்து வீட்டுப் பையன் இன்டர்நெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தானாம். ஊரில் பாதிப் பேர் அதே நாலு வரியைத்தான் அனுப்புகிறார்கள். படிக்கிறவர் கண் அந்த இடத்தில் நிற்கக்கூட நிற்காது.

இரண்டாம் பக்கத்தில் படிப்பு. எல்.கே.ஜி. ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: '2008 முதல் 2015 வரை ஆடிட்டர் அலுவலகத்தில் உதவியாளர்.' அப்புறம், 'பொழுதுபோக்கு: சமையல், பாட்டுக் கேட்பது.' 2015-க்குப் பிறகு ஒன்றும் இல்லை. கிணறு மாதிரி இருந்தது.

"அந்தப் பத்து வருஷத்தை எங்கே எழுதறதுன்னே தெரியலை அத்தை. அதான் விட்டுட்டேன்" என்றாள்.

பயோடேட்டாவாவது பரவாயில்லை. அதன்மேல் வைத்து அனுப்புகிற கடிதம் இருந்ததே, அதைப் படித்ததும் என் சிரிப்பெல்லாம் போய்விட்டது. கணவர் நடத்திய அச்சகம் மூடப்பட்டது, கடன், இரண்டு பெண் குழந்தைகள், மாமனாருக்குச் சர்க்கரை வியாதி, 'எப்படியாவது கருணை காட்டி இந்த வேலையைத் தந்து எங்கள் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டுகிறேன்.' ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். ஆனால் இதே மாதிரி ஒரு கடிதத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

1986 என்று ஞாபகம். ஒரு கிளார்க் வேலைக்கு விளம்பரம் கொடுத்திருந்தோம். நூற்றுக்கு மேல் விண்ணப்பம் வந்தது. அந்தக் காலத்து விண்ணப்பங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: 'பீயிங் கிவன் டு அண்டர்ஸ்டாண்ட்' என்று ஆரம்பித்து, 'ஐ பெக் டு அப்ளை' என்று போகும். வேலை கேட்பதற்குப் 'பிச்சை கேட்கிறேன்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். நானும் அப்படி எழுதித்தான் உள்ளே போனேன். அந்த நூற்றில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஃபுல்ஸ்கேப் தாளில் நாலு பக்கம், நீல மசி. ஒரு பெண் எழுதியிருந்தாள். கணவன் விட்டுப் போனது, படுத்த படுக்கையாக இருந்த மாமியார், மூன்று குழந்தைகள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கடிதத்தைக் கட்டின் மேலாகவே வைத்து அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவரும் நாலு பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பாவம்" என்றார். அப்புறம் கேட்டார்: "இந்தம்மாவுக்கு டைப்பிங் தெரியுமா?"

புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நாலு பக்கத்திலும் அது இல்லை. என்ன படித்தாள் என்றுகூட இல்லை. 'அப்புறம் பார்க்கலாம்' என்று அதை எடுத்துக் கட்டின் அடியில் வைத்தார்.

ஒரு கார்டு போட்டு, "அம்மா, உங்கள் படிப்பு என்ன?" என்று நானாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்போது எனக்கும் வேலை நிறைய, கைக்குழந்தை வேறு, சாயந்திரம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். என்ன காரணம் சொன்னாலும் கேட்கவில்லை என்பதுதான் நிஜம். அவளுக்கு டைப்பிங் தெரிந்திருந்ததோ என்னவோ! அந்தக் கையெழுத்து மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இதை என் அண்ணன் பெண்ணிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்போ கஷ்டத்தை எழுதக் கூடாதா அத்தை?" என்றாள்.

கஷ்டத்தைக் கேட்டு இரக்கப்படுவார்கள். இரக்கப்பட்டு வேலை கொடுப்பவர் ஆயிரத்தில் ஒருவர். அவர் இருக்கிற இடத்துக்கே நம் கடிதம் போகும் என்பது என்ன நிச்சயம்? விளம்பரம் கொடுத்தவருக்கும் ஒரு கஷ்டம் இருக்கிறது. ஆள் இல்லாமல் அவருக்கு வேலை முடங்கிக் கிடக்கிறது. அந்தக் கஷ்டத்துக்கு நம்மிடம் என்ன மருந்து இருக்கிறது என்பதைத்தான் அவர் கடிதத்தில் தேடுகிறார்.

லியனார்டோ டாவின்சி தெரியும் அல்லவா, மோனாலிசா வரைந்தவர்? அவரே ஒரு காலத்தில் வேலை கேட்டுக் கடிதம் எழுதியவர்தான். 1482 வாக்கில், இத்தாலியில் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்ஸாவுக்கு. அந்த ஆளுக்குச் சண்டைதான் கவலை. அதனால் லியனார்டோ என்ன எழுதினார் தெரியுமா? எளிதில் தூக்கிக்கொண்டு போகிற பாலம் கட்டுவேன், அகழியிலிருந்து தண்ணீரை வடிப்பேன், பீரங்கி செய்வேன், சுரங்கம் தோண்டுவேன் என்று வரிசையாக எழுதிவிட்டு, ஓவியமும் எனக்கு வரும் என்று கடைசியில் போகிற போக்கில் சொன்னார். அவ்வளவு பெரிய மனிதருக்கே யாருக்கு எது வேண்டும் என்று பார்த்து எழுத வேண்டியிருந்திருக்கிறது!

"சரி, இப்போது எந்த விளம்பரத்துக்கு எழுதப்போகிறாய், அதை எடு" என்றேன். துவாக்குடி தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு ஃபேப்ரிகேஷன் கம்பெனி. அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் வேண்டும். டாலி தெரிய வேண்டும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடத் தெரிய வேண்டும், தொழிலாளர் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பதிவேடுகள் பார்க்க வேண்டும், மூன்று வருஷ அனுபவம்.

"இதில் உனக்கு எது தெரியும்?"

"டாலி தெரியும். ஜி.எஸ்.டி.யெல்லாம் நான் ஆடிட்டர் ஆபீஸை விட்டப்புறம் வந்ததுதானே அத்தை, 2017-ல."

"பிரஸ்ஸுக்கு ஜி.எஸ்.டி. கட்டினீர்களே, அது யார் பார்த்தது?"

"அதுவா? நான்தான்."

"ஆடிட்டரிடம் கொடுத்தா?"

"ஆடிட்டர்கிட்ட வருஷத்துக்கு ஒருக்காத்தான் போவோம். மாசாமாசம் ரிட்டர்னெல்லாம் நானே போட்டுருவேன். ராத்திரி பிள்ளைங்க தூங்கினப்புறம் லேப்டாப்பை எடுத்து வச்சுக்குவேன். லேட் ஃபீ ஒரே ஒரு தடவைதான் கட்டியிருக்கேன், சின்னவளுக்கு டெங்கு வந்தப்போ. நாளைக்கு அம்பது ரூபா!" அந்த ஐம்பது ரூபாய் இன்னும் அவள் மனதை உறுத்திக்கொண்டிருந்தது.

"வேலை செய்தவர்களுக்குச் சம்பளக் கணக்கு?"

"நாலு பேருதானே அத்தை. நான்தான் எழுதுவேன்."

"பில் போடுவது, பேப்பர் கடை பாக்கி, வரவேண்டிய பணம்?"

"அதுவும்தான்."

"இதையெல்லாம் ஏண்டி எழுதவில்லை?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏதோ அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி. "அது நம்ம வீட்டு வேலைதானே அத்தை? சம்பளமா வாங்கினேன்?"

அடுப்பில் காபிக்குப் பால் வைத்திருந்தேன். அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஏழு வருஷம்! ஒரு வியாபாரத்தின் முழுக் கணக்கையும் பார்த்த பெண் தன்னைப் பற்றி எழுதும்போது, 'பொழுதுபோக்கு: சமையல்' என்று எழுதியிருக்கிறாள். நம்மில் எத்தனை பேர் இப்படி! வீட்டுக்காரரின் கடையில் கல்லாவைப் பார்க்கிறோம், மாமனாரின் நெல் மண்டிக் கணக்கை எழுதுகிறோம், அபார்ட்மென்ட் சங்கத்துக்கு வரவு செலவு பார்க்கிறோம், பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறோம். யாரும் சம்பளக் கவரைக் கையில் கொடுக்கவில்லை என்பதால் அது வேலையே இல்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். சம்பளம் இல்லை என்பது வேறு, வேலை இல்லை என்பது வேறு.

பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தோம். 2015-லிருந்து வருஷம் வருஷமாக என்ன செய்தாள் என்று சொல்லச் சொல்லி நான் எழுதினேன். 2015-ல் சின்னவள் பிறந்தாள். 2017 ஜூலை ஒன்றாம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. பழைய கணக்குப்பிள்ளை, "எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் விவகாரமெல்லாம் ஆகாது" என்று நின்றுவிட்டார். அன்றிலிருந்து 2024-ல் ஷட்டரை இறக்கும் வரை இவள்தான். ஆக, பத்து வருஷம் காலி என்று இவள் மறுகிக்கொண்டிருந்த இடத்தில் நிஜமாகக் காலியாக இருந்தது கைக்குழந்தையோடு இருந்த இரண்டு வருஷமும், பிரஸ் மூடிய பிற்பாடு இந்தக் கொஞ்ச காலமும்தான்!

அந்த இரண்டு வருஷத்தை என்ன செய்வது? ஒரே வரி: '2015–2017: குழந்தை வளர்ப்பின் பொருட்டு வேலையிலிருந்து விலகியிருந்தேன்.' மன்னிப்புத் தொனி வேண்டாம், விளக்கமும் வேண்டாம். இன்னொன்றும் சொல்கிறேன். இப்போது சிலர் வீட்டில் இருந்த காலத்தை 'இல்லத்தின் நிர்வாக இயக்குநர்' என்றெல்லாம் வேடிக்கையாக எழுதுகிறார்களாம். எனக்கு அதில் சம்மதமில்லை. பிள்ளை வளர்ப்பது லேசான காரியம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பவர் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார், அடுத்த காகிதத்துக்குப் போய்விடுவார்.

இவளுடைய சிநேகிதி ஒருத்தி வேறொரு யோசனை சொல்லியிருந்தாள். தன் தம்பி கம்பெனியில் பத்து வருஷம் வேலை பார்த்ததாக எழுதிக்கொள், கேட்டால் அவன் ஆமாம் என்று சொல்லுவான் என்று. வேண்டவே வேண்டாம்! நான் இருந்த செக்‌ஷனில் பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்காமல் யாரையும் எடுத்ததில்லை. இப்போது பி.எஃப். கணக்குக்கு எல்லோருக்கும் ஒரே நம்பர் என்று ஆகிவிட்டதால், அதில் இருப்பவர்களுக்கு எந்த வருஷம் எங்கே வேலை என்பதெல்லாம் பதிவாகி இருக்கிறது. உள்ளே போன பிறகு பொய் வெளிப்பட்டால் வேலையும் போகும், பேரும் போகும். நிஜமே கை நிறைய இருக்கும்போது பொய் எதற்கு?

பயோடேட்டா மூன்று பக்கத்திலிருந்து ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியது. முதலில் பெயர், ஊர், போன் நம்பர். அதற்குக் கீழேயே என்னென்ன தெரியும் என்று நாலு வரி. பிறகு அனுபவம், கடைசியாகச் செய்த வேலை முதலில். படிப்பு அதற்கும் கீழே, பி.காம்.மில் ஆரம்பித்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை போடச் சொன்னேன். 'பில் போட்டேன்' என்பதைவிட 'மாதம் சுமார் அறுபது பில்' என்பது கண்ணில் நிற்கிறதா இல்லையா? கறிகாய்க்காரரிடம் 'கொஞ்சம் கத்தரிக்காய்' என்று நாம் கேட்பதில்லையே!

போன் நம்பர் என்றேனே, அங்கே ஒரு கூத்து. இருபத்துமூன்று விண்ணப்பத்திலும் இவள் கொடுத்திருந்தது மாப்பிள்ளையின் நம்பர்! அவர் டெலிவரி வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், தெரியாத நம்பரிலிருந்து வந்தால் எடுக்க மாட்டார். யாராவது கூப்பிட்டிருந்தாலும் இவளுக்கு எப்படித் தெரியும்? சகோதரிகளே, வேலை உங்களுக்கு. நம்பரும் உங்களுடையதாகவே இருக்கட்டும். மெயில் முகவரியும் அப்படியே. இவள் கொடுத்திருந்தது பெரிய பெண் ஏதோ கார்ட்டூன் பெயரில் ஆரம்பித்து வைத்தது. இவள் பெயரிலேயே புதிதாக ஒன்று ஆரம்பித்தோம். ஐந்து நிமிஷ வேலை, பணச் செலவு இல்லை.

பிறகு கடிதம். இங்கிலீஷில்தான் எழுதினோம், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்:

'ஐயா, அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்குத் தாங்கள் கொடுத்திருந்த விளம்பரத்தைப் பார்த்து எழுதுகிறேன். டாலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், தொழிலாளர் சம்பளக் கணக்கு ஆகிய மூன்றும் நான் செய்து பழகியவை. 2017 ஜூலை முதல் 2024 வரை எங்கள் குடும்ப அச்சகத்தின் கணக்கு முழுவதையும் நானே பார்த்தேன். மாதம் சுமார் அறுபது பில்கள், ஜி.எஸ்.டி.ஆர். 1 மற்றும் 3பி ரிட்டர்ன்கள், நாலு தொழிலாளர்களின் சம்பளம் இதில் அடங்கும். அதற்கு முன் 2008 முதல் 2015 வரை திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பணியாற்றினேன். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பதிவேடுகளை அங்கே வாடிக்கையாளர்களுக்காக எழுதியிருக்கிறேன். இப்போதுள்ள ஆன்லைன் முறையைப் பழகிக்கொள்ளச் சில நாட்கள் தேவைப்படும். தாங்கள் குறிப்பிடும் நாளில் நேரில் வரவும், டாலியில் வேலை செய்து காட்டவும் தயாராக இருக்கிறேன்.'

இவ்வளவுதான். கருணையும் இல்லை, பிச்சையும் இல்லை. பழகிக்கொள்ளச் சில நாட்கள் வேண்டும் என்ற வரியை அவள் அடிக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. அந்த ஒரு வரியால்தான் மற்ற வரிகளை நம்புவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சாயந்திரம் அவளை அழைத்துப் போக மாப்பிள்ளை வந்தார். காபியைக் கொடுத்துவிட்டு நோட்டைக் காட்டினேன். படித்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், அவளைப் பார்க்காமல், "பிரஸ் மூடினதையெல்லாம் எழுதணுமா?" என்றார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் அப்பா காலத்து பிரஸ் அது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "மூடினதை எழுதலைங்க. நடந்தவரைக்கும் நான் என்ன செஞ்சேன்னுதான் எழுதியிருக்கு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு மனசு அடித்துக்கொண்டது, தேவையில்லாமல் நுழைந்துவிட்டோமோ என்று.

மறுநாள் ராத்திரி அவள் போன் செய்தாள். "அத்தை, இவங்க பரண்ல ஏறிப் பழைய லெட்டர்பேட் ஒண்ணு தேடி எடுத்தாங்க" என்றாள். பிரஸ் பெயர் போட்ட கடைசித் தாள்கள் சில மிச்சமிருந்தனவாம். அதில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்: இன்னார் 2017 ஜூலை முதல் 2024 வரை இந்த அச்சகத்தின் கணக்குகளைப் பார்த்துவந்தார், அவர் பொறுப்பில் இருந்தவரை ஒரு பைசா கணக்கில் பிசகியதில்லை, என்று. 'என் மனைவி' என்றும் எழுதியிருக்கிறார். அதை எடுத்துவிடலாமா என்று அவள் கேட்டதற்கு, "இருக்கட்டும், நிஜம்தானே" என்றாராம். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

மெயிலில் அனுப்புவது பற்றியும் இரண்டு வார்த்தை. கடிதத்தை மெயிலிலேயே எழுதுங்கள், தனியாக இணைத்தால் பாதிப் பேர் திறக்கவே மாட்டார்கள். பயோடேட்டாவை மட்டும் பி.டி.எஃப். ஆக்கி, உங்கள் பெயரையே ஃபைலுக்கு வைத்து இணைத்துவிடுங்கள். 'நியூ ஃபைனல் 3' என்று அனுப்பினால் அங்கே எப்படித் தேடுவார்கள்? மேலே பொருள் எழுதுகிற இடத்தில் எந்த வேலைக்கு என்று போட வேண்டும். பெரிய கம்பெனிகளில் வருகிற விண்ணப்பங்களை முதலில் கம்ப்யூட்டரே படித்துப் பிரிக்கிறதாம். அதற்குக் கட்டம், பூ, போட்டோவெல்லாம் பிடிக்காது. விளம்பரத்தில் என்ன வார்த்தை போட்டிருக்கிறார்களோ அந்த வார்த்தையே உங்கள் பயோடேட்டாவிலும் இருக்கட்டும், உங்களுக்கு அது நிஜமாகத் தெரிந்திருந்தால். முக்கியமாக, ஒரே கடிதத்தை இருபத்துமூன்று இடத்துக்கு அனுப்பாதீர்கள். பயோடேட்டா ஒன்றாக இருக்கலாம். கடிதம் இடத்துக்கு இடம் மாற வேண்டும்.

வேலை தருகிறோம், முதலில் ரிஜிஸ்ட்ரேஷன் என்று ஐந்நூறு ரூபாய் அனுப்புங்கள் என்று யாராவது கேட்டால், அத்துடன் பேச்சை நிறுத்திவிடுங்கள். வேலை கொடுக்கிற தனியார் கம்பெனி நம்மிடம் பணம் கேட்காது. ஏமாந்து அனுப்பியே விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றப் புகாருக்கான நம்பர் அது. தாமதிக்கத் தாமதிக்கப் பணம் திரும்புவது கஷ்டம்.

வேலையை விட்டு ரொம்ப வருஷமாகிக் கை மறந்துவிட்டதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு, மத்திய அரசின் 'ஸ்வயம்' என்ற இணையதளத்தில் 2017-லிருந்து பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றிதழ் வேண்டும் என்றால்தான் தேர்வுக்குக் கட்டணம். மத்தியானம் சீரியல் பார்க்கிற நேரத்தில் ஒன்றைப் படித்து முடித்தால் பயோடேட்டாவில் இந்த வருஷத் தேதியில் ஒரு வரி சேரும். நானும் சீரியல் பார்க்கிறவள்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. அவள் நம்பருக்கே வந்தது. வருகிற திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குத் துவாக்குடிக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அச்சகத்துக் கணக்கைப் பற்றித்தான் போனிலேயே இரண்டு கேள்வி கேட்டார்களாம். 3பி ரிட்டர்னைப் பற்றி அவள் சொன்ன பதிலுக்கு, அந்தப் பக்கம் ஒரு அம்மாள், "சரி, லெட்டர்ஹெட் ஒரிஜினலைக் கையோட எடுத்துட்டு வாங்க" என்றாளாம்.

எடுப்பார்களோ மாட்டார்களோ, அடுத்த இதழுக்குள் தெரிந்துவிடும். இப்போதைக்கு அந்த வீட்டில் நடக்கிற சண்டையெல்லாம் திங்கட்கிழமைக்குப் புடவையா, சுடிதாரா என்பதுதான். பெரிய பெண் சுடிதார் கட்சி. மாமியார் புடவைக் கட்சி. மாப்பிள்ளை, கொண்டுபோய் விடுவதற்காக அன்றைக்குக் காலை அரை நாள் லீவு சொல்லியிருக்கிறார். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.